ஆறாயிரம் சுழற்சிக்குக் கீழே: காவாசாகி நிஞ்ஜா 1100எஸ்எக்ஸ், முதல் அனுபவம்

[காட்சி: விடியற்காலை. வண்டியின் திரை அண்மையில். ஓடோமீட்டரில் 1,040 கிலோமீட்டர்.]

வணக்கம். இந்த வண்டி என்னுடையது அன்று. முதல் சர்வீஸ் முடிந்து இரண்டு நாள்கூட ஆகாத நிலையில், ஒரு நண்பர் பெருமனத்தோடு சாவியைக் கொடுத்திருக்கிறார். கொடுக்கும்போது அவர் விதித்த நிபந்தனை ஒன்றுதான். ஓடோமீட்டர் 1,600 கிலோமீட்டரைத் தொடும்வரை எஞ்சினை நிமிடத்துக்கு 6,000 சுழற்சிக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. இது அவருடைய சொந்தக் கட்டுப்பாடு அல்ல. புது எஞ்சினைப் பழக்கும் காலத்தில் முதல் 800 கிலோமீட்டருக்கு 4,000 சுழற்சி, அடுத்த 800 கிலோமீட்டருக்கு 6,000 சுழற்சி என்று கையேடு சொல்வதைத்தான் அவர் திருப்பிச் சொன்னார்.

ஆகவே, ஆயிரம் சிசிக்கு மேற்பட்ட ஒரு வண்டியின் முழு வேகத்தையும் காட்டும் காணொளியை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் சென்னையிலிருந்து ஏலகிரி சென்று திரும்பியபின் எனக்குத் தோன்றியது வேறு. இந்த வண்டியில் காவாசாகி செய்திருக்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை அந்த 6,000 சுழற்சிக்குக் கீழேதான் உணரப்படுகின்றன.

[காட்சி: வண்டியின் பக்கவாட்டுத் தோற்றம், மெதுவாக நகரும் கேமரா.]

ஸ்போர்ட் டூரர் என்ற வகையைப் பற்றி ஓரிரு சொற்கள். பந்தய வண்டியின் எஞ்சினையும் பிரேக்கையும் வைத்துக்கொண்டு, நாள் முழுவதும் முதுகு வலிக்காமல் அமர்ந்து, துணையையும் துணிமணியையும் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய வண்டிகளை இப்பெயரால் அழைக்கிறோம். 1976ஆம் ஆண்டில் வெளிவந்த பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ், காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடிவமைத்த முழு உறையோடு, அதாவது காற்றைத் தடுக்கும் வெளிமூடியோடு (ஃபேரிங்) வந்து, இந்த வகைக்கு ஒரு முன்னோடியாக நின்றது. காவாசாகியின் இந்த வரிசை அதைவிட மிகவும் இளையது. 2010ஆம் ஆண்டின் இசட்1000 வண்டிக்காகச் செய்யப்பட்ட 1,043 சிசி எஞ்சினை எடுத்து, உறை போட்டு, 2011இல் இசட்1000எஸ்எக்ஸ் என்ற பெயரில் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் அதுவே நிஞ்ஜா 1000 ஆனது. 2020இல் நிஞ்ஜா 1000எஸ்எக்ஸ் என்று பெயர் மாறியது. இப்போது நம்முன் நிற்பது அதன் அடுத்த தலைமுறை. இந்தியாவில் 2024 டிசம்பரில் அறிமுகமானபோது இதன் ஷோரூம் விலை 13 லட்சத்து 49 ஆயிரம் ரூபாய்.

[காட்சி: இரண்டு வரிகள் திரையில். பழையது: 1,043 சிசி, 142 பிஎஸ், 111 நியூட்டன் மீட்டர். புதியது: 1,099 சிசி, 136 பிஎஸ், 113 நியூட்டன் மீட்டர்.]

இந்த எண்களைப் பார்த்ததும் பலருக்கும் எழும் கேள்வி ஒன்றுதான். எஞ்சின் பெரிதாகியிருக்கிறது, விலையும் ஏறியிருக்கிறது, ஆனால் குதிரைத்திறன் 142இலிருந்து 136ஆகக் குறைந்திருக்கிறதே, இது முன்னேற்றமா பின்னேற்றமா? இக்கேள்விக்குப் பொறுமையாக விடை காண்பதுதான் இந்தக் காணொளியின் நோக்கம் என்பதால், சற்றே கணக்குக்குள் நுழைவோம்.

எஞ்சினின் நான்கு சிலிண்டர்களும் அதே 77 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை, அதில் மாற்றமில்லை. மாறியது பிஸ்டன் மேலும் கீழும் பயணிக்கும் தூரம். அது 56 மில்லிமீட்டரிலிருந்து 59 மில்லிமீட்டராக நீண்டிருக்கிறது. கூடுதலாகக் கிடைத்த 56 சிசி முழுவதும் இந்த மூன்று மில்லிமீட்டரிலிருந்து வந்ததுதான். பிஸ்டனின் பயணம் நீண்டால், அதன் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டின் நெம்புகோலும் நீளும். கிணற்று ராட்டினத்தின் கைப்பிடி நீளமாக இருந்தால் நிறைந்த வாளியைக்கூடச் சிரமமின்றி இழுக்க முடிகிறதல்லவா, அதைப் போன்றது இது. ஆனால் நீளமான கைப்பிடியை மிக வேகமாகச் சுழற்ற முடியாது என்பதையும் ராட்டினம் சுற்றியவர்கள் அறிவார்கள்.

எஞ்சினிலும் அதே நியாயம்தான். பழைய எஞ்சின் தன் உச்சத் திறனை 10,000 சுழற்சியில் தந்தது. அந்த வேகத்தில் அதன் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 18.7 மீட்டர். புதிய எஞ்சின் 9,000 சுழற்சியிலேயே உச்சத்தை அடைந்துவிடுகிறது; நீண்ட பயணம் இருந்தும் பிஸ்டன் வேகம் 17.7 மீட்டரில் அடங்குகிறது. குதிரைத்திறன் என்பது முறுக்கு விசையை, அதாவது எஞ்சின் தன் தண்டைத் திருகும் வலிமையை, சுழற்சி வேகத்தால் பெருக்கிக் கிடைப்பது. எனவே சுழற்சியில் ஆயிரத்தை விட்டுக்கொடுத்தால், விசை கூடியிருந்தாலும் பெருக்குத்தொகை குறையவே செய்யும். தலைகீழாகக் கணக்கிட்டுப் பார்த்தால், பழைய எஞ்சின் தன் உச்சத் திறன் புள்ளியில் ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் விசையையும், புதியது தன் உச்சத் திறன் புள்ளியில் ஏறக்குறைய 106 நியூட்டன் மீட்டர் விசையையும் தருகின்றன. உச்ச விசை கிடைக்கும் இடமும் 8,000 சுழற்சியிலிருந்து 7,600க்கு இறங்கியிருக்கிறது. அதாவது, சுழற்சிக்கு எதிரே விசையை வரைந்தால், அந்த வரைபடம் சற்றே உயர்ந்து இடப்புறமாக நகர்ந்திருக்கிறது.

ஐரோப்பாவில் 2025 முதல் விற்பனையாகும் புதிய வண்டிகள் அனைத்துக்கும் யூரோ 5 பிளஸ் புகை விதி கட்டாயம் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். உச்சச் சுழற்சியில் புகையைக் கட்டுப்படுத்துவது எந்தப் பெரிய எஞ்சினுக்கும் கடினமான வேலை. ஆகவே இது முழுக்க முழுக்க ஓட்டுநரின் வசதிக்காகச் செய்த மாற்றம் என்று சொல்லிவிட முடியாது. சட்டம் தள்ளியது பாதி, பொறியாளர் அந்தத் தள்ளலைப் பயன்படுத்திக்கொண்டது பாதி என்பது என் கணிப்பு.

[காட்சி: சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை. வண்டி சீரான வேகத்தில்.]

இனி சாலைக்கு வருவோம். நான்கு வழிச் சாலையில் இரு சக்கர வாகனங்களுக்கு மத்திய அரசு 2018இல் அறிவித்த உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஆறாவது கியரில் இந்த எஞ்சின் கிட்டத்தட்ட உறங்கிக்கொண்டிருக்கிறது என்றே சொல்லலாம். ஐந்தாவது, ஆறாவது கியர்களின் விகிதத்தை நீட்டியிருப்பதால், முந்தைய வண்டியைவிடக் குறைந்த சுழற்சியில் அதே வேகத்தைப் பிடிக்கிறது. முன்னால் ஒரு லாரி வலப்பக்கத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும் அந்த வழக்கமான காட்சியில், வேகம் 50க்கு இறங்கி, வழி கிடைத்ததும் கியரை மாற்றாமலே ஆக்சிலரேட்டரை மெல்லத் திருகினேன். எஞ்சின் முனகவில்லை, உதறவில்லை. ஒரே இழுப்பாக மேலே வந்தது. நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் கீழ்ச் சுழற்சி சோம்பலாக இருக்கும் என்ற பழைய குறை இங்கே பொருந்தவில்லை.

குயிக் ஷிஃப்டரைப் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிட வேண்டும். கிளட்சைப் பிடிக்காமல் கியர் மாற்ற உதவும் இந்த ஏற்பாடு, மேல் கியருக்குப் போகும்போது எஞ்சினின் விசையைக் கண நேரம் துண்டித்தும், கீழ் கியருக்கு வரும்போது சுழற்சியைத் தானே சற்று உயர்த்தியும் பற்சக்கரங்கள் இணங்கிச் சேர வழி செய்கிறது. முந்தைய வண்டியில் இது 2,500 சுழற்சிக்கு மேல்தான் வேலை செய்தது; இப்போது 1,500 சுழற்சியிலிருந்தே செய்கிறது. படிக்கும்போது சிறு திருத்தமாகத் தோன்றும் இது, பூந்தமல்லியைக் கடக்கும் காலை நெரிசலில் இடது கைக்கு எவ்வளவு ஓய்வு தந்தது என்பதை அனுபவித்தபின்தான் உணர்ந்தேன்.

[காட்சி: ஏலகிரி மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவின் பெயர்ப்பலகை.]

ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பாவேந்தர், திருவள்ளுவர், கபிலர், ஔவையார் என்று புலவர்களின் பெயர்களையும், பாரி போன்ற வள்ளல்களின் பெயர்களையும் அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். கபிலர் வளைவில் இரண்டாவது கியரில் திரும்பிக்கொண்டிருக்கும்போது பேருந்து ஒன்று எதிரே இறங்கி வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்த வகை வண்டியின் உண்மையான தேர்வாக நான் கருதுகிறேன்.

238 கிலோ எடையுள்ள வண்டி இது. நின்ற இடத்தில் பின்னால் தள்ளும்போது அந்த எடை முழுவதும் தெரிகிறது. இருக்கை உயரம் 835 மில்லிமீட்டர் என்பதால், ஐந்தடி ஐந்து அங்குலத்துக்குக் கீழ் உள்ளவர்கள் சரிவான இடத்தில் நிறுத்துமுன் ஒருமுறை யோசிக்க வேண்டும். ஆனால் உருளத் தொடங்கியதும் எடை கரைந்துவிடுகிறது. அகன்று உயர்ந்த ஹேண்டில்பாரால் வண்டியை வளைவுக்குள் சாய்ப்பது எளிதாகிறது. சாய்வின் அளவை உணரும் கருவியைச் சார்ந்தே, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் சக்கர வழுக்கல் கட்டுப்பாடும் இயங்குகின்றன. சாய்ந்திருக்கும்போது பிரேக் பிடிக்க நேர்ந்தாலும் வண்டி பதறாமல் நிற்பதற்கு இதுவே காரணம். பின் டிஸ்க்கின் விட்டத்தை 250 மில்லிமீட்டரிலிருந்து 260 ஆக்கியிருக்கிறார்கள். மலையில் இறங்கும்போது பின் பிரேக்கை லேசாக மிதித்தபடியே வருவது நம் ஊர் வழக்கம் என்பதால், இந்த மாற்றம் ஐரோப்பியரைவிட நமக்கே அதிகம் பயன்படும்.

பின் சஸ்பென்ஷனின் இறுக்கத்தைக் கையால் திருகும் குமிழ் ஒன்றின் மூலம் மாற்றிக்கொள்ளலாம், ஸ்பானர் தேவையில்லை. தனியாகப் போய், திரும்பும்போது ஒருவரை ஏற்றிவருபவர்கள் இதன் அருமையை அறிவார்கள். முன் காற்றுத் தடுப்பை நான்கு நிலைகளில் வைக்கலாம் என்றாலும், கையால்தான் மாற்ற வேண்டும். இந்த விலையில் மின்விசையால் உயரும் தடுப்பை எதிர்பார்ப்பது பேராசை ஆகாது என்பது என் எண்ணம். அதேபோல் சென்டர் ஸ்டாண்ட் வண்டியோடு வருவதில்லை. எடை மிக்க டூரர்கள் பலவற்றில் தண்டு வழியாகச் சக்கரத்துக்கு விசை செல்கையில், இதில் செல்வது செயின் வழியாக. நீண்ட பயணத்தில் செயினுக்கு எண்ணெய் இட வேண்டிய ஒவ்வொரு முறையும் பின் சக்கரத்தைத் தூக்க வழியின்றி, வண்டியைச் சிறிது சிறிதாக உருட்டித்தான் அதைச் செய்தாக வேண்டும். பக்கப் பெட்டிகள் தலா 28 லிட்டர் கொள்ளளவு கொண்டவை. அவற்றுக்கும் தனியே பணம் கட்ட வேண்டும்.

எரிபொருள் தொட்டி 19 லிட்டர். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 320 கிலோமீட்டருக்குக் குறையாது. விலையைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 40 விழுக்காடாக உயர்ந்தது. அதற்கு முன் செஸ் வரியையும் சேர்த்து 31 விழுக்காடாக இருந்தது. ஆகவே அறிமுக விலையை மனத்தில் வைத்துக்கொண்டு கடன் விண்ணப்பத்தை நிரப்பிவிடாதீர்கள்.

குதிரைத்திறன் குறைந்ததற்கு வருத்தப்பட வேண்டுமா என்று கேட்டால், பந்தயத் தடத்துக்கு வண்டியைக் கொண்டுபோகிறவர் மட்டும் வருந்தலாம் என்பேன். 10,000 சுழற்சியை நம் சாலையில் மூன்றாவது கியரில் தொட்டாலே சட்டமும் சாலையும் முடிந்துவிடுகின்றன. நான் ஓட்டிய இரு நாளும் 3,000க்கும் 5,500க்கும் இடையிலேயே முள் உலவியது. நண்பரின் நிபந்தனை நினைவுக்கு வந்தது இரண்டே முறைதான்.

[காட்சி: மாலை. வண்டி நண்பரின் வீட்டு வாசலில். ஓடோமீட்டர் அண்மையில்.]

சாவியைத் திருப்பித் தந்தபோது ஓடோமீட்டர் 1,512 காட்டியது. 1,600ஐத் தொட இன்னும் 88 கிலோமீட்டர் மீதி. அதையும் நானே ஓட்டி முடித்துவிடட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். நண்பர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.