கரிசலுக்கும் தேரிக்கும் ஒரே டயரா?

வணக்கம்.

வானொலி நிலைய வாசலில் வண்டியை நிறுத்தினேன். காவலுக்கு இருந்த பெரியவர் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஃபோர் வீல் வண்டிங்கிறீங்க, டயர் இவ்வளவு சாதுவா இருக்கே தாயி? பட்டன் பெருசா இருக்க வேண்டாமா?" என்று கேட்டார். ஃபோர் வீல் என்றால் நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை போகிற வண்டி, பட்டன் என்றால் டயர் மேல் துருத்தி நிற்கிற ரப்பர் கட்டை. ஒரு காலத்தில் எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. எண்ணத்தோடு விடாமல் காசு கொடுத்து வாங்கி மாட்டியும் பார்த்தேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எனக்குத் தாண்டிக்குடியில் காப்பித் தோட்டம். பிறந்த ஊர் விளாத்திகுளம் பக்கம், கரிசல் காடு. வாழ்க்கைப்பட்டது உடன்குடி, கொஞ்சம் எட்டிப் போனால் செம்மணல் தேரி. ஆக என் ஜீப்புக்கு மலைக் கல், கரிசல், தேரி என்று மூன்று விதமான தரை. வண்டி பழைய மாடல் மஹிந்திரா தார். பெயர்தான் தார், வேலையெல்லாம் தார் இல்லாத இடத்தில் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

வாங்கிய இரண்டாம் வருடம் எம்.டி. டயர் போட்டேன். மட் டெரெயின், அதாவது சேற்றுக்கென்றே செய்த டயர். உள்ளங்கை அகலத்துக்குப் பட்டன், இரண்டு பட்டனுக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி. பார்க்க ராணுவ வண்டி மாதிரி இருந்தது. ஐப்பசி மழையில் ஒரு நாள் மலையிறங்கி வருகிறேன். வளைவில் ஒரு காட்டுமாடு நடுரோட்டில் நிற்கிறது. வேகம் 30கூட இருக்காது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. சோப்பு நுரையில் கால் வைத்தது போல வழுக்கிக்கொண்டே போய்த் தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. காட்டுமாடு நகரவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஃபோர் வீல் வண்டி வைத்திருப்பவர்கள் பலர் மறந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு. நான்கு சக்கரத்துக்கும் இழுவை போவது ஏறுவதற்கும் கிளம்புவதற்கும்தான் உதவும். பிரேக் எல்லாக் காருக்கும் இருப்பது போல நான்கு சக்கரத்துக்குத்தான். நிற்பது டயரின் வேலை. எம்.டி. டயரில் இடைவெளி அதிகம் என்பதால் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. சாதாரண டயரின் பட்டனை உற்றுப் பாருங்கள், பிளேடால் கீறியது போல மெல்லிய கீறல்கள் இருக்கும். ஈர ரோட்டில் தண்ணீர்ப் படலத்தைக் கிழித்துப் பிடிப்புக் கொடுப்பவை அவைதான். எம்.டி.யில் அவை மிகக் குறைவு. அப்புறம் இரைச்சல். 60க்கு மேல் போனால் காதுக்குள் வண்டு புகுந்தது போல ஒரே ரீங்காரம். டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.

அந்த வாரமே ஒரு காரியம் செய்தேன். தோட்டத்துக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், தார் ரோட்டை விட்டு இறங்கும்போதெல்லாம் கிலோமீட்டரைக் குறித்துவைத்தேன். வருடக் கடைசியில் கூட்டினால், மொத்தம் 11,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் மண், கல், மணல் எல்லாம் சேர்த்து 700 சொச்சம். இந்த 700க்காக மீதி 10,700 கிலோமீட்டரிலும் உயிரைப் பணயம் வைத்திருக்கிறேன். டயர் வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேருக்கு ஏ.டி., அதாவது எல்லாத் தரைக்கும் பொதுவான ஆல் டெரெயின் டயரே போதும் என்று தெரிந்துவிடும். ஹைவேயில் மட்டும் ஓடுகிற வண்டி என்றால் கம்பெனி போட்டுக் கொடுத்த எச்.டி., அதாவது ஹைவே டெரெயின் டயரை மாற்றவே வேண்டாம். எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்காதீர்கள், வானொலியில் சொல்லக்கூடாது. சொல்லலாம் என்றாலும் சொல்ல மாட்டேன். கம்பெனியைவிட நீங்கள் ஓட்டுகிற மண்தான் முக்கியம்.

கரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்து கிடக்கும்போது கல் மாதிரி, எந்த டயரும் போகும். ஒரு மழை பெய்யட்டும், சின்ன வயதில் நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவோம். நாலு எட்டு வைத்தால் செருப்புக்கு அடியில் கிலோ கணக்கில் மண் அப்பியிருக்கும். டயருக்கும் அதே கதிதான். ஏ.டி. டயரின் சிறிய இடைவெளிகளில் களி அடைத்துக்கொண்டால் அடுத்த சுற்றிலேயே அது மொட்டை டயர். இங்கே எம்.டி.க்கு வேலை இருக்கிறது: இடைவெளி பெரிது, சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் களியை உதறி எறிந்துவிடும். மழைக்காலம் முழுக்கக் கரிசல் காட்டுக்குள் போய் வரும் பிழைப்பு என்றால் எம்.டி. வாங்குங்கள், தப்பே இல்லை. ஆனால் அகலமாக வாங்காதீர்கள். என் அப்பாவின் பழைய ஜீப்புக்கு 6.00-16 நைலான் டயர், ஆறு அங்குல அகலம்தான். அது சேற்றை வெட்டிக்கொண்டு கீழே இருக்கிற கெட்டித் தரையைத் தேடிப் பிடிக்கும். இன்றைய அகல டயர் மேலேயே வழுக்கும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே களி இறுகிச் சக்கரமே சுற்றாமல் நின்றுபோவதும் உண்டு. அடியில் கெட்டித் தரையே இல்லாத ஆழமான சேறு என்றால் எந்த டயரும் உதவாது, டிராக்டரைக் கூப்பிட வேண்டியதுதான்.

தேரிக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். குதிரைமொழித் தேரியில் எம்.டி. டயரோடு முதல் தடவை இறங்கியபோது பெரிய பட்டன் மணலைத் தோண்டி எடுத்தது. ஃபோர் லோவில், அதாவது நான்கு சக்கர இழுவையின் மெது கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை அமுக்க அமுக்க, கிணறு வெட்டுவது போல வண்டி கீழே போயிற்று. பத்தே விநாடியில் ஆக்ஸில் மணலில் உட்கார்ந்துவிட்டது. பதநீர் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்த ஓர் அண்ணாச்சிதான், "காத்தைப் பிடுங்கி விடும்மா" என்றார். டயர்க் கடை யாரும் எனக்குச் சொல்லாத பாடம்.

32 பி.எஸ்.ஐ. இருந்த காற்றை 16க்கு இறக்கினோம். வால்வில் ஒரு சுள்ளியை வைத்து அமுக்கியபடி, ஒவ்வொரு டயருக்கும் ஒன்றிரண்டு நிமிடம். சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையால் வாரி ஒதுக்கிவிட்டு மெதுவாக எடுத்தால், வண்டி ஏதோ படகு மாதிரி மேலே எழும்பி வந்தது. பிறகு அந்தத் தடத்தைக் கையால் அளந்து பார்த்தேன். முழுக் காற்றில் டயர் தரையைத் தொடும் நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. காற்றை இறக்கியதும் ஒரு சாணுக்கு மேல் நாலு விரல். காற்றுக் குறைந்தால் டயர் அகலமாகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அதிகமாக நீளத்தில்தான் கூடுகிறது. அத்தனை நீளத்துக்குப் பாரம் பரவுவதால் மணல் தாங்குகிறது. இதற்கு எம்.டி. வேண்டியதில்லை, ஓரளவு தேய்ந்த ஏ.டி.கூட மணலில் அழகாகப் போகும்.

இரண்டு எச்சரிக்கை. 15க்குக் கீழே இறக்கிவிட்டு ஸ்டீரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுகொள்ளும். தார் ரோட்டில் ஏறியதும், வேகம் எடுப்பதற்கு முன்னால், பழைய அளவுக்குக் காற்று அடித்தாக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். பாட்டரியில் ஓடும் ஒரு சின்ன பம்ப்பும், காற்றுப் பார்க்கும் கேஜும் இல்லாமல் தேரிக்குள் இறங்காதீர்கள்.

மலைக்கல் வேறு மாதிரி. சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் ஏறியவர்களுக்குத் தெரியும், அது பாதையே இல்லை, கல் கொட்டிய ஓடை. அங்கே கிழிவது பட்டன் அல்ல, டயரின் பக்கவாட்டு. நடுப்பட்டனில் ஆணி ஏறினால் வழியிலேயே பஞ்சர் போட்டுக்கொள்ளலாம். பக்கவாட்டில் கிழிந்தால் அந்த டயர் அவ்வளவுதான். கல் பாதை உள்ளவர்கள் கடையில் கேட்க வேண்டிய கேள்வி, பக்கச் சுவரில் எத்தனை அடுக்கு என்பது. சைஸுக்கு முன்னால் எல்.டி. என்று போட்டிருந்தால் சுமை வண்டிக்கான கனமான கட்டு. தாங்கும், ஆனால் காற்றும் கூடுதலாகக் கேட்கும், காலி வண்டியில் குலுக்கி எடுக்கும்.

சைஸ் விஷயத்தை வேகமாகச் சொல்கிறேன், பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் வந்தது 235/70 ஆர் 16. அகலம் 235 மில்லிமீட்டர், அதில் 70 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், ரிம் 16 அங்குலம். கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் சுமார் 735 மில்லிமீட்டர். 245/75 போட்டால் 774. இவ்வளவு கூடியும் வண்டியின் வயிறு உயர்வது அதில் பாதிதான், இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. பதிலுக்கு மீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி 63இல் போய்க்கொண்டிருக்கும், இழுவை மந்தமாகும், ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தால் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கம்பெனி சொன்ன அளவுகளைத் தாண்டிப் போனால் ஆர்.டி.ஓ.விடமும் இன்சூரன்ஸிலும் பேச வேண்டிவரும். சைஸுக்குப் பக்கத்தில் 105 எஸ் என்பது போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 105 என்றால் ஒரு டயர் 925 கிலோ தாங்கும், எஸ் என்றால் 180 கிலோமீட்டர் வேகம் வரை. கம்பெனி டயரில் இருந்த எண்ணுக்குக் கீழே போகாதீர்கள்.

ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். புது டயர் என்று நான்கு வாங்கி மாட்டினேன். ஒரே வருடத்தில் பக்கவாட்டில் பொடிப்பொடியாக வெடிப்பு. பஞ்சர்க் கடைத் தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, இங்க படிங்க" என்றான். ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் 1117. 2017ஆம் வருடத்தின் பதினோராவது வாரம் செய்தது. நான் வாங்கியது 2022இல். ஐந்து வருடம் கோடவுனில் கிடந்ததைப் புதுசு என்று தலையில் கட்டிவிட்டார்கள். பளபளப்பைப் பார்த்துப் பணத்தை எடுக்காமல் அந்த நான்கு எண்ணைப் பாருங்கள். டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். சில சமயம் உள்பக்கமாகப் போய்விடும், டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

கடைசியாக ஸ்டெப்னி. ஃபோர் வீல் வண்டியில் நான்கும் ஒரே உயரம் இருக்க வேண்டும். செலவை மிச்சம் பிடிக்கப் பின்னால் மட்டும் பெரிய டயர் போட்டு, கெட்டித் தரையில் ஃபோர் வீலில் ஓட்டினால், முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்த்து இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். அந்தச் செலவுக்கு ஐந்து டயரே வாங்கிவிடலாம். ஆமாம், ஐந்து, ஸ்டெப்னியும் அதே சைஸில்.

இப்போது என் வண்டியில் ஏ.டி. டயர்தான் ஓடுகிறது. சீட்டுக்கு அடியில் பம்ப், டேஷ்போர்டில் கேஜ், கூடவே அந்தத் தேரிச் சுள்ளி. வெளியே பெரியவர் இன்னும் டயரையே பார்த்துக்கொண்டிருப்பார். போய்ப் பதில் சொல்ல வேண்டும். வணக்கம்.