லீவில் வரும் மாப்பிள்ளை

(பண்டாரவளையில் ஒரு மகளிர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமாரே, தங்கச்சிமாரே, பின்னால் நிற்கிற தம்பிமாரே, வணக்கம்.

1983 முதல் 2009 வரை யுத்தம் நடந்தது வடக்கிலும் கிழக்கிலும். ஆனால் அதற்கு ஆள் போனது நம் பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலிருந்தும்தான். தியத்தலாவை இராணுவ முகாமில் பயிற்சி எடுத்த பையன்களைப் பதுளை ரயிலில் பார்த்திருக்கிறோம். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிய நமக்கு அவர்களைக் கண்டால் பயம். அவர்கள் வீட்டில் இருந்த பெண்ணைப் பற்றி நாம் எங்கே யோசித்தோம்?

கல்யாணமான கையோடு மாப்பிள்ளை முகாமுக்குத் திரும்பிவிடுவார். பெண் மாமியார் வீட்டில். சம்பளக் காசு தாய்க்கா, மனைவிக்கா? முதல் சண்டை அங்கேதான் மூளும். விலக்குப் பிடிக்க வேண்டியவரோ வவுனியாவுக்கு அப்பால். கைத்தொலைபேசி இல்லாத காலம், கடிதம்தான். காவல் நிற்கிறவருக்கு 'அம்மா ஏசினார்' என்று எழுத மனம் வருமா? 'எல்லோரும் சுகம்' என்றே எழுதுவாள். அவரும் அப்படித்தான்.

லீவில் வந்தால் கோழிக்கறி, சொந்தக்காரர் கூட்டம். பிள்ளை அப்பாவைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளியும். என்னைக் கேட்டால், போவதைவிட வருவதுதான் கஷ்டம். கூரைத் தகரம் மாற்றுவது முதல் கடன் அடைப்பது வரை தானே பார்த்துப் பழகியவளிடம், திடீரென்று ஒருவர் வந்து கணக்குக் கேட்கிறார். சவூதிக்கும் குவைத்துக்கும் அக்காமாரை வேலைக்கு அனுப்பிய நம் தோட்டத்து லயங்களுக்கு இது புதிதல்ல. அவர்களுக்காவது ஒப்பந்தம் எப்போது முடியும் என்று தெரியும்.

வராமலே போனவர்களும் உண்டு. 1996 ஜூலையில் முல்லைத்தீவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்தபோது ஆயிரத்துக்கும் அதிகமான படையினர் இறந்தார்கள். பலருடைய உடல் வீடு வரவில்லை. அந்த மனைவி இறந்தவருக்கென்று தானம் கொடுப்பதா, உயிரோடு திரும்ப வேண்டுமென்று போதி பூஜை வைப்பதா? மறுமணம் என்ற பேச்சையே எடுக்க முடியாது. மரணச் சான்றிதழ் இல்லாமல், காணாமற்போனவர் என்றே சான்றிதழ் பெறச் சட்டம் வந்தது 2016இல். அதே சான்றிதழைத்தான் காணாமற்போன பிள்ளைகளைத் தேடும் கிளிநொச்சித் தாய்மாருக்கும் நீட்டினார்கள். பலர் வேண்டாம் என்றார்கள்.

சரி, தம்பிமாருக்கு ஒன்று. ஏஜென்ட் பேச்சை நம்பி முன்னாள் படையினர் ரஷ்ய–உக்ரேன் போர்முனையில் சிக்கிய செய்தி 2024இல் நாடெங்கும் பேசப்பட்டது. வெளிநாட்டு வேலை என்று யாராவது கடதாசி நீட்டினால், கையெழுத்து வைக்கும் முன் அதை வீட்டுக்காரியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.