கதை முடிஞ்சதும் "நீதி என்ன?"ன்னு கேக்கலாமா?

அடுத்த கேள்வி ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. படிக்கிறேன். "என் பையனுக்கு 8 வயசு. கதை படிச்சு முடிச்சதும் 'இதுல இருந்து என்ன கத்துக்கிட்ட?'ன்னு கேப்பேன். இப்பல்லாம் புத்தகத்தை எடுத்தாலே ஓடுறான். பொண்ணுக்கு 14 வயசு. அவ படிக்கிற நாவல்ல பசங்க பொய் சொல்றாங்க, அடிச்சுக்கிறாங்க. நல்ல கருத்துள்ள புத்தகமா நானே பாத்துக் கொடுக்கட்டுமா?"

பையன் ஓடுறது உங்க கேள்வியைப் பாத்துதாங்க. கதைக்குப் பின்னாடியே ஒரு பரீட்சை காத்துக்கிட்டு இருந்தா யாருதான் உக்காருவாங்க?

காக்கா நரி கதையை எடுத்துக்குங்க. புகழ்ச்சிக்கு மயங்காதேன்னு நாம சொல்லிக் கொடுக்கிறோம். இதே கதையை லா ஃபோன்டேன்ங்கிற கவிஞர் பிரெஞ்சுல பாட்டா எழுதியிருக்கார், வடைக்குப் பதில் பாலாடைக்கட்டி. தத்துவவாதி ரூசோ 1762ல குழந்தைங்களை எப்படி வளர்க்கணும்னு எழுதின 'எமீல்'ங்கிற புத்தகத்துல அந்தப் பாட்டை வரி வரியா பிரிச்சு மேஞ்சிருக்கார். குழந்தைங்க காக்காவைப் பாத்துச் சிரிப்பாங்க, ஆனா தங்களை நரியாத்தான் நினைச்சுக்குவாங்கங்கிறார். சரிதானே? கதையில ஜெயிச்சது நரி. நைசா நாலு வார்த்தை பேசினா வடை கிடைக்கும், அதுவும் அதுல இருக்கிற பாடம்தான். இதுக்காக சின்னப் பிள்ளைங்களுக்கு இந்த மாதிரிக் கதையே வேண்டாம்னுட்டார் ரூசோ. எனக்கு அது கொஞ்சம் ஓவராத் தெரியுது. ஆனா நாம வெச்ச பாடத்தைத்தான் பிள்ளை எடுத்துக்கும்னு நினைக்கிறது நம்ம ஆசை, அவ்வளவுதான்.

பினோக்கியோ தெரியும் இல்லையா, பொய் சொன்னா மூக்கு நீளுற மரப்பொம்மை? சினிமாவுல அவன்கூடவே ஒரு பூச்சி வந்து புத்தி சொல்லிக்கிட்டே இருக்கும். கார்லோ கொல்லோடி எழுதின மூலக்கதையில அந்தப் பூச்சி நாலாவது அத்தியாயத்துல வருது. பெத்தவங்க பேச்சைக் கேளு, ஒழுங்கா பள்ளிக்கூடம் போன்னு ஆரம்பிக்குது. பினோக்கியோ ஒரு மரச்சுத்தியலை எடுத்து வீசுறான். பூச்சி சுவத்தோட ஒட்டிக்கிட்டு செத்துப் போகுது! 1881ல சிறுவர் பத்திரிகையில தொடரா வந்த கதைங்க இது. அறிவுரைக்குக் குழந்தைங்க மனசுல என்ன மரியாதைன்னு அந்த மனுஷனுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

அதுக்காக அவன் திருந்தாம இல்ல. கால் எரியுது, கழுதையா மாறுறான், என்னென்னமோ படுறான். கடைசியில உடம்பு முடியாத அப்பாவுக்கு ஒரு டம்ளர் பால் வேணும், அதுக்குக் கூலியா நூறு வாளி தண்ணி இறைக்கணும். சோம்பேறிப்பய இறைக்கிறான். எனக்கு அந்தப் புத்தகத்துல ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான். உழைப்பே உயர்வுன்னு கீழ ஒரு வரி போட்டிருந்தா அந்தத் தண்ணியெல்லாம் வீணாப் போயிருக்கும்.

நீங்க புத்தகம் பாத்துக் கொடுக்கிறதை நான் வேண்டாம்னு சொல்லலை. எதைப் பாக்கிறோம்ங்கிறதுதான் விஷயம். கடைசிப் பக்கத்து நீதியைப் பாத்து வாங்காதீங்க, அது எப்பவுமே நல்லதாத்தான் இருக்கும். உண்மை பேசு, திருடாதேன்னு. கதைக்குள்ள யாரைப் பாத்துச் சிரிக்கிறாங்கன்னு பாருங்க. குண்டான பையன்னா கோமாளியா? கெட்டவனை மட்டும் கறுப்பா வரைஞ்சிருக்காங்களா? பொண்ணுக்கு அழகைத் தவிர வேற வேலை ஏதாவது கொடுத்திருக்காங்களா? இதையெல்லாம் யாரும் பாடம்னு சொல்லித் தர மாட்டாங்க. அதனாலேயே சத்தமில்லாம உள்ள போயிடும்.

பொண்ணு விஷயம். 'தி அவுட்சைடர்ஸ்'னு ஒரு நாவல் 1967ல வந்துச்சு. எஸ்.இ. ஹின்டன் பள்ளிக்கூடம் படிக்கும்போதே எழுத ஆரம்பிச்சு, புத்தகம் வெளிவந்தப்ப அவங்களுக்கு வயசு 18. ரெண்டு கோஷ்டிப் பசங்க, அடிதடி, ஒரு கொலைகூட உண்டு. மேலோட்டமாப் பாத்தா எந்த அம்மாவும் பிடுங்கி வெச்சுடுவாங்க. படிச்சீங்கன்னா, கொலை பண்ணின பையனே ராத்திரியில எப்படி நடுங்கிப் போறான்னு தெரியும். இளையோர் நாவல்ல பாத்திரம் தப்பு பண்றது இருக்கட்டும், தப்புக்கப்புறம் அந்த எழுத்தாளர் அவனை எங்க கொண்டு போறார்னு பாருங்க. விளைவே இல்லாம ஜாலியா முடியுதுன்னா அதைப் பத்தி அவகிட்டப் பேசலாம். ஆனா நீங்களும் முழுசாப் படிச்சிருக்கணும். நடுப்பக்கத்தைத் திறந்து ஒரு கெட்ட வார்த்தையைக் காட்டிச் சண்டை போட்டீங்கன்னா, அடுத்த புத்தகம் உங்க கண்ணுக்கே படாது.

பையன்கிட்ட ஒரு மாசத்துக்கு எந்தக் கேள்வியும் வேண்டாம். நீங்க படிச்சுக் காட்டுங்க, அவன் கேக்கட்டும். கேட்டே ஆகணும்னு தோணுச்சுன்னா, "எந்த இடத்துல உனக்குக் கோவம் வந்துச்சு?"ன்னு கேளுங்க. அதுக்குத் தப்பான பதிலே கிடையாது. "ஒண்ணுமில்ல, சும்மா நல்லா இருந்துச்சு"ன்னு சொன்னான்னா அதோட விட்டுடுங்க.

சரி, அடுத்த கேள்வி என்னன்னு பாப்போம்.