ஆற்றேன் என்று பாடியவர்

வானொலி நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நோயுற்றவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் பழம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள், கட்டிலருகே அமர்ந்து அதையே சொல்லிவிட்டு வருகிறார்கள். பழத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். வலி தானாக எவரையும் உயர்த்துவதில்லை. அதைச் சுமப்பவர் பின்னர் எந்தத் திசையில் நடக்கிறார் என்பதே அவரை உயர்த்துகிறது.

மயிலாப்பூரில் பங்குனித் திருவிழாவின்போது அறுபத்து மூவர் உலாவைக் கண்டவர்கள், புல் செதுக்கும் உழவாரப் படையைத் தோளில் சார்த்திய அப்பர் பெருமானை அறிவார்கள். அவர் பாடிய முதல் பதிகமே வலியில் பிறந்ததுதான். சூலை நோய் குடலை முறுக்க, மருந்தும் மந்திரமும் பயன்படாமற்போக, சமண சமயம் சேர்ந்து தாம் பிரிந்து போயிருந்த, திருவதிகையில் இருந்த தமக்கையாரிடம் இரவோடு இரவாக வந்து விழுந்தவர் அவர். அந்தத் திலகவதியாரோ பெற்றோரையும், தமக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையாரையும் இழந்து, தம்பி ஒருவருக்காகவே உயிர் தாங்கியிருந்தவர் என்று நம் சென்னையை அடுத்த குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் கூறுகிறார். ஏன் பிரிந்து போனாய் என்று அந்த அம்மையார் கேட்கவில்லை. திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே அப்பர் பாடியது நன்றிப் பாட்டு அன்று, முறையீடு. ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’, எமனைப் போல வருத்தும் இந்த நோயை விலக்க மாட்டீரா என்று இறைவனையே கேட்கிறார். அடுத்து, ‘கொடுமைபல செய்தன நான்அறியேன்’ என்கிறார். ‘என்ன பாவம் செய்தேனோ’ என்று தம்மைத் தாமே தாழ்த்திக்கொண்டு நோயோடு போராடும் நேயர்கள், இந்த அடியை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். நான் அறியேன் என்கிறார்; ‘ஆற்றேன்’ என்றும் சொல்லிவிடுகிறார். தாங்க முடியவில்லை என்று சொல்வது பக்திக்குக் குறைவன்று என்பதை நான் எத்தனை மேடைகளில் கூறினாலும் எனக்குச் சலிப்பதில்லை.

இப்படித் துடித்தவர்தாம், பிற்பாடு பல்லவ மன்னனின் ஆட்கள் அழைக்க வந்தபோது, ‘நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்’ என்று பாடினார். அவ்வளவு தன்மதிப்பு வாய்த்த அவர் கையில் இருந்தது, கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் அந்த உழவாரம்தான். யாருக்கும் அடிமையல்லோம் என்று பாடியவர் புல் செதுக்கியதில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை. தம் மதிப்பைப் பிறர் கையில் விட்டு வைக்காதவருக்கே எந்த வேலையும் இழிவாகப் படுவதில்லை.

இது புராண காலத்தோடு முடிந்துவிட்டதும் அன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது 1954இல். இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருக்கின்றன. ஆறே மாதத்தில் துக்கத்திலிருந்து மீண்டுவிட வேண்டும் என்று நம்மை அவசரப்படுத்துகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

பட்டினத்தாரைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன். நேரம் முடிவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஆகவே ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். போய் விழுவதற்குத் திலகவதியாரைப் போன்ற ஒருவர் வீட்டில் இல்லாதவர்களுக்காகச் சென்னையில் 1986 முதல் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இயங்குகிறது. அங்குள்ள தொண்டர்கள் குற்றம் சொல்லாமல் காது கொடுத்துக் கேட்பார்கள். தயங்காமல் பேசுங்கள். வணக்கம்.