யோசனை வராத நாளில் எதைப் பார்ப்பது?

[திரையில்: வெற்றுத் தாள், பக்கத்தில் மூடி திறந்த பேனா]

வணக்கம். எழுதவோ வரையவோ மெட்டுப் போடவோ உட்கார்கிறோம், ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. யாரைக் கேட்டாலும் ஒரே மருந்துதான்: எழுந்து வெளியே போ, செடி வளர், நாய் வளர், ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள். நல்ல யோசனைதான். ஆனால் செடிக்குத் தண்ணீர் ஊற்றி, நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்த பிறகும் தாள் வெள்ளையாகவே இருக்கிறதே, அது ஏன்? இந்த வீடியோவில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: நடக்கும் கால்கள்]

முதலில் நடை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. அன்றாடப் பொருள் ஒன்றின் பெயரைச் சொல்லி, இதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டார்கள். உட்கார்ந்து யோசித்தபோது வந்ததைவிட, நடந்துகொண்டே யோசித்தபோது புதுமையான பதில்கள் சராசரியாக 60 சதவீதம் அதிகம். வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. அதாவது அழகான பூங்காவைத் தேடி அலைய வேண்டியதில்லை, கால் நடந்தால் போதும்.

இதே ஆய்வில் பலரும் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. ஒரே ஒரு சரியான விடை உள்ள புதிர்களுக்கு நடை கைகொடுக்கவில்லை, கொஞ்சம் பின்னடைவுதான். அதனால் எதை எழுதலாம் என்று தேடும்போது நடங்கள். எழுதியதைத் திருத்தும்போது நாற்காலியிலேயே இருங்கள்.

[திரையில்: நாயின் ரோமத்தில் ஒட்டிய முள்ளுக்காய்]

நடை எண்ணங்களின் எண்ணிக்கையைக் கூட்டும். உருப்படியான ஒன்று அகப்பட அது மட்டும் போதாது. 1941-ல் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் தன் நாயோடு வெளியே போய்விட்டுத் திரும்பினார். அவர் உடையிலும் நாயின் ரோமத்திலும் முள்ளுக்காய்கள் ஒட்டியிருந்தன. இது யாருக்கும் நடப்பதுதான். நாமாக இருந்தால் முணுமுணுத்துக்கொண்டே பிய்த்துப் போட்டிருப்போம். அவர் ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். முள் என்று நினைத்தது முள் அல்ல, நுனி வளைந்த குட்டிக் குட்டிக் கொக்கிகள். துணியின் இழையிலும் ரோமத்திலும் அவை மாட்டிக்கொண்டிருந்தன. இன்று பையிலும் செருப்பிலும் ‘சர்ர்’ என்று பிரிக்கிறோமே, அந்த வெல்க்ரோ இப்படித்தான் பிறந்தது. ஆனால் உடனே இல்லை. காப்புரிமை 1950-களில்தான் வந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெருமையை நாய்க்குக் கொடுத்துவிடுகிறார்கள். நாய் பாவம், புதரில் புகுந்தது, அவ்வளவுதான். வேலையைச் செய்தது பிய்த்துப் போடாமல் பார்த்த கண். வெளியே போனால் யோசனை வரும் என்பதைவிட, வெளியே போனால் உற்றுப் பார்க்கப் பொருள் கிடைக்கும் என்பதுதான் சரி.

[திரையில்: வெள்ளரிக் கொடி, பற்றுக்கம்பிக்கு நெருக்கமாகச் செல்லும் காட்சி]

பழகுவதற்குச் செடியைப் போல வசதியானது வேறில்லை. ஓடாது, காத்திருக்கும். வெள்ளரி, பூசணி, பாகல், எந்தக் கொடியானாலும் சரி, அதன் பற்றுக்கம்பியைப் பாருங்கள். நூல் மாதிரி நீண்டு காற்றில் துழாவும். குச்சி ஒன்று தட்டுப்பட்டால் நுனி அதைச் சுற்றிக்கொள்ளும். சுவாரசியம் அதற்கு அப்புறம்தான். செடிக்கும் குச்சிக்கும் நடுவில் இருக்கும் பகுதி சுருள ஆரம்பிக்கும். விரலால் அந்தச் சுருளைத் தொடர்ந்து போனால், பாதி தூரம் ஒரு பக்கமாகச் சுற்றிவந்தது நடுவில் ஒரு சின்ன நேர்க்கோடு விட்டு, மறு பாதியில் எதிர்ப்பக்கமாகச் சுற்றும்.

[திரையில்: இரு முனையையும் பிடித்துக்கொண்டு நாடாவைச் சுருட்டும் கைகள்]

காரணம் எளிது. இரண்டு முனையும் கட்டுண்டு கிடக்கின்றன. ஒரே பக்கமாகச் சுருண்டால் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். பாதிக்குப் பாதி திசை மாறினால் முறுக்கு சமன் ஆகிவிடும். சுருள் முழுவதும் ஸ்பிரிங் போல வேலை செய்வதால், காற்றில் கொடி ஆடினாலும் பிடி அறுந்துவிடாது. டார்வின் இதை விளக்கி எழுதியிருக்கிறார். உடம்பு சரியில்லாத காலத்தில், அறைக்குள் வைத்திருந்த ஒரு காட்டு வெள்ளரி வகைச் செடியின் நுனி மெல்ல வட்டமடிப்பதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஏறுகொடிகள் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை 1865-ல் வெளிவந்தது.

உங்களுக்கு இதனால் என்ன? வரைபவருக்கு அந்தத் திசை மாறும் இடமே ஒரு வடிவம். கதை எழுதுபவருக்கு, இரு பக்கமும் கட்டுண்ட ஒருவன் எப்படி வளைவான் என்ற கேள்வி கிடைக்கலாம். மெட்டுப் போடுபவர் முதல் பாதியை அப்படியே திருப்பி வாசித்துப் பார்க்கலாம். ‘இயற்கை அழகு’ என்று பொதுவாக ரசித்துவிட்டு வந்திருந்தால் இதில் ஒன்றும் கையில் இருக்காது.

[திரையில்: தூங்கும் பூனை]

செல்லப்பிராணியும் அப்படியே. தூங்கும் பூனையை ஐந்து நிமிடம் வரைந்து பாருங்கள். காதுகள் மட்டும் தனித்தனியாகச் சத்தத்தின் பக்கம் திரும்புவது அப்போதுதான் கண்ணில் படும். போட்டோ எடுத்தால் அது படாது.

[திரையில்: பின்னல் வேலை செய்யும் கைகள்]

பொழுதுபோக்குக்கு மட்டும் விதி வேறு. அங்கே உற்றுப் பார்க்க வேண்டியதில்லை, சும்மா விளையாட வேண்டும். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் வேலையில் சலிப்புத் தட்டிய ஒரு கட்டத்தில், இனி பயன் பார்க்காமல் விளையாட்டாகவே இயற்பியல் செய்வது என்று முடிவெடுத்தார். உணவுக்கூடத்தில் யாரோ தூக்கிப் போட்ட தட்டு ஆடிக்கொண்டே சுழல்வதைப் பார்த்து, வேடிக்கைக்காகக் கணக்குப் போட ஆரம்பித்தார். 1965-ல் தனக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த வேலை அந்த விளையாட்டிலிருந்து கிளம்பியதுதான் என்று அவரே சொன்னார். அதனால் பின்னுகிறீர்களா, பின்னுங்கள். அதைப் படமெடுத்துப் போட்டு எத்தனை லைக் என்று எண்ண ஆரம்பித்தால் அது இன்னொரு வேலை ஆகிவிடும். வேலைதான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே!

[திரையில்: தெரு, பழைய படிக்கட்டு]

அடுத்த முறை வெளியே கிளம்பும்போது, பாதியில் நிற்கும் உங்கள் வேலையிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்த தெருவே போதும், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். பழைய படிக்கட்டில் எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள், ஆட்கள் எந்தப் பக்கமாக ஏறி இறங்குகிறார்கள் என்று அது சொல்லும். பார்த்ததை வீட்டுக்கு வந்ததும் இரண்டு வரி எழுதுங்கள், போனைத் திறப்பதற்கு முன்னால்.