மோதிரமும் வளையலும்

நேயர்களுக்கு வணக்கம். எபிரேயக் கவிதை என்றதும் பைபிளில் உள்ள சங்கீதப் புத்தகமும் உன்னதப்பாட்டும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதற்கப்புறம் அந்த மொழியில் கவிதையே நின்றுபோனது மாதிரி ஓர் எண்ணம் இருக்கிறது. அப்படியில்லை. யூதத் தொழுகைக்கூடங்களில் பாடுவதற்கென்று 'பியூத்' என்ற பாடல்களை நூற்றாண்டுக் கணக்கில் எழுதிவந்தார்கள். அவற்றில் இயைபை முறையாகக் கையாண்டவர்களில் முன்னோடி, யன்னாய் என்ற கவிஞர்.

சரி, நான் சொல்ல வந்தது 10-ஆம் நூற்றாண்டுக் கோர்டோவாவைப் பற்றி. ஸ்பெயினில் கலீஃபா ஆட்சி. அரபுக் கவிதைக்கு ஏக மவுசு. அரண்மனையில் செல்வாக்காக இருந்த ஹஸ்தாய் இப்னு ஷப்ருத் என்ற யூதப் பிரமுகரை அண்டி வந்தார் துனாஷ் பென் லப்ராத். பாக்தாதில் ஸாதியா கவோன் என்ற யூத அறிஞரிடம் படித்தவர். அரபு யாப்பை எபிரேயத்துக்குக் கொண்டுவந்தவர் இவர்தான்.

அரபு யாப்பு குறில், நெடில் கணக்கில் நடப்பது. நமக்குப் பழகிய சங்கதி. எபிரேய உச்சரிப்பிலோ அந்த வேறுபாடு மங்கிப்போயிருந்தது. துனாஷ் என்ன செய்தார்? 'ஷ்வா' என்ற அரைகுறை உயிரொலியைக் குறிலாக வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் நெடில் என்றார். கொஞ்சம் தில்லாலங்கடி வேலைதான்! மொழியையே கெடுக்கிறார் என்று, போட்டிப் புலவர் மெனாகெமின் மாணவர்கள் கொதித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்களுடைய மறுப்புப் பாட்டும் அதே யாப்பில்தான் வந்தது. பின்னால் வந்த எபிரேயக் கவிஞர்கள் ஷமூவேல் ஹநகீத், இப்னு கபிரோல், யூதா ஹலேவி எல்லாருக்கும் அதுவே பாதை.

ஆனால் எனக்குப் பிடித்தது துனாஷ் எழுதாத ஒரு கவிதை. கடவுள் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாதென்று, பழைய கெய்ரோவின் யூதத் தொழுகைக்கூடத்து அறையில் கிழிந்த தாள்களைப் போட்டுவைப்பார்கள். அந்தக் குவியலிலிருந்து வந்த துண்டுகளை வைத்து, எஸ்ரா ஃப்ளைஷர் என்ற அறிஞர் 1984-இல் ஒரு சிறு கவிதையை அடையாளம் காட்டினார். எழுதியவர் துனாஷின் மனைவி.

கணவன் ஸ்பெயினை விட்டுப் புறப்படுகிறான். அவள் கையில் ஒரே பிள்ளை. தன் வலக்கை மோதிரத்தைக் கழற்றி அவளுடைய இடக்கையில் போடுகிறான். அவள் தன் வளையலை அவன் கையில் மாட்டுகிறாள். மேலாடைகளையும் மாற்றிக்கொள்கிறார்கள். அழுகை பற்றி ஒரு சொல் கிடையாது. இந்நாட்டு அதிபதி பாதி அரசையே கொடுத்தாலும் அவன் இங்கே தங்குவானா என்ற கேள்வியோடு பாட்டு முடிகிறது.

யாப்பு, கணவன் சண்டைபோட்டு நிலைநாட்டிய அதே அரபு யாப்பு. அவள் பெயரைத்தான் அந்தத் தாளில் யாரும் எழுதவில்லை.