கதிர் மருந்து எடுத்தவர் வீட்டுக்கு வரும்போது

வணக்கம் நேயர்களே. அடுப்படியில் இருந்து கேட்பவர்கள் ஒரு நிமிஷம் உப்புப் பக்கெட்டை எடுத்துப் பாருங்கள். அயடீன் கலந்த உப்பு என்று போட்டிருக்கும். 1995இல் இருந்து நம் இலங்கையில் சாப்பாட்டு உப்பை அயடீன் கலந்துதான் விற்க வேண்டும் என்பது சட்டம். கழுத்து வீங்கிப்போன பாட்டிமாரை மலைநாட்டில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள், அந்த வீக்கத்தைக் குறைக்கத்தான் அந்தச் சட்டம் வந்தது. ஏன் கழுத்து வீங்குகிறது என்றால், குரல்வளைக்குக் கீழே இருக்கிற தைரொயிட் சுரப்பிக்கு வேலை செய்ய அயடீன் வேண்டும், நாம் சாப்பிடுவதில் இருந்து அதைப் பிடித்து இழுத்துச் சேர்த்துக்கொள்ளும், கிடைக்காவிட்டால் பருத்துப் போகும். உடம்பில் வேறு எந்த உறுப்பும் அயடீனை இந்தளவு சேமித்து வைப்பதில்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு நான் சொல்லப் போவது எல்லாம் இதில் இருந்துதான் வருகிறது.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். தைரொயிட் புற்றுநோய்க்குக் கதிர் அயடீன், அதாவது கதிர் வீசுகிற அயடீன் மருந்து, கொடுக்கிற வாட்டில் பல வருஷம் தாதியாக வேலை செய்தேன். நம் நாட்டுப் பெண்களிடம் மார்புப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் பதிவாகிறது இந்தப் புற்றுநோய்தான். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வருகிற வகை நன்றாகக் குணமாகக் கூடியது. ஒபரேஷன் செய்து சுரப்பியை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் குளிசையாகவோ தண்ணீர் மருந்தாகவோ கதிர் அயடீன் கொடுப்பார்கள். எல்லாருக்கும் தேவைப்படாது, அதை டொக்டர் பார்த்துச் சொல்வார். ஊசி இல்லை, முடி கொட்டுகிற மருந்தும் இல்லை. விழுங்கினால் சரி.

இது எப்படித் தொடங்கியது என்ற கதையை எனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. 1936இல் அமெரிக்காவில் போஸ்டன் நகரத்தில் ஒரு பௌதிகப் பேராசிரியர் வைத்தியர்களுக்கு உரை நிகழ்த்துகிறார். கேட்டுக்கொண்டிருந்த சோல் ஹேர்ட்ஸ் என்ற இளம் டொக்டர் எழும்பி, அயடீனைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாக மாற்ற முடியுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பின்னால் முயல்களில் சோதனை நடந்தது, 1938இல் சீபோர்க், லிவின்கூட் என்ற இரண்டு பேர் இன்றைக்கு நாம் பாவிக்கிற அயடீன் 131ஐக் கண்டுபிடித்தார்கள், 1941இல் ஹேர்ட்ஸ் தைரொயிட் அதிகமாக வேலை செய்கிற ஒரு நோயாளிக்கு முதன்முதலில் கதிர் அயடீன் கொடுத்தார்.

புற்றுநோய்க்கு வந்த விதம் இன்னும் விசேஷம். நியூயோர்க்கில் செய்ட்லின் என்ற டொக்டரிடம் ஒரு ஆள் வருகிறார். பல வருஷத்துக்கு முன்னமே தைரொயிட்டை வெட்டி எடுத்தவர். அப்படியானவருக்குத் தைரொயிட் சுரப்பு குறைவாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் இவருக்கோ மெலிவு, படபடப்பு, எல்லாம் சுரப்பு கூடினவர்களுக்கு வருகிற குணங்கள். சுரப்பியே இல்லை, சுரப்பு எங்கிருந்து வருகிறது? யோசித்துப் பாருங்கள். எலும்புக்கும் மற்ற இடங்களுக்கும் பரவியிருந்த புற்றுநோய்க் கட்டிகள்தான் தைரொயிட்டின் வேலையைச் செய்துகொண்டிருந்தன. கழுத்தை விட்டு எவ்வளவு தூரம் போனாலும் அயடீனைப் பிடித்து இழுக்கிற பழக்கம் அவற்றை விட்டுப் போகவில்லை. அப்படியென்றால் கதிர் அயடீனைக் கொடுத்தால் அது தானாகவே அந்த இடங்களைத் தேடிப் போகும் இல்லையா? 1943இல் கொடுத்தார்கள், போனது, அவருடைய வருத்தமும் குறைந்தது. 1946இல் இதை எழுதி வெளியிட்டார்கள். இன்று வரைக்கும் அதே வழிதான். இந்த மருந்தில் இருந்து வருகிற பீட்டா கதிர் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் போகும், அதனால் போய்ச் சேர்ந்த இடத்தை அழிக்கும், பக்கத்தில் உள்ளதைப் பெரும்பாலும் விட்டுவிடும். காமா கதிர் என்று இன்னொன்றும் வருகிறது. அது உடம்பைத் தாண்டி வெளியே வரும். அதைப் பிடித்துத்தான் சில நாள் கழித்து முழு உடம்பையும் ஸ்கேன் எடுக்கிறார்கள். அந்தக் கமரா உங்கள் மேல் எதையும் பாய்ச்சுவதில்லை, உங்களிடம் இருந்து வருவதை வாங்குகிறது, அவ்வளவுதான். படத்தில் எச்சில் சுரப்பி, இரைப்பை, சிறுநீர்ப்பை எல்லாம் கறுப்பாகத் தெரியலாம், அது வழமையாகத் தெரிவது, புற்றுநோய் பரவிவிட்டது என்று யாரும் கதை கட்ட வேண்டாம்.

சரி. வெளியே வருகிற அந்தக் காமா கதிரைப் பற்றித்தான் நான் பேச வந்ததே.

கூடின அளவு மருந்து எடுத்தவரைத் தனி அறையில் வைப்பார்கள், தனி மலசலகூடம், பார்க்க ஆள் வரக்கூடாது. உடம்பில் ஒட்டாத அயடீன் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் சிறுநீரோடு போய்விடும், அதனால்தான் தண்ணீர் குடியுங்கள் குடியுங்கள் என்று நாங்கள் பின்னால் திரிவோம். அளவு குறைந்ததும் ஒரு தாளைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். தனி அறையில் படுங்கள், தனி மலசலகூடம் பாவியுங்கள், பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டுத் தள்ளி இருங்கள் என்று அந்தத் தாளில் எழுதியிருக்கும்.

தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டின தொழிலாளர் வீட்டில், எங்கே இருக்கிறது தனி அறை? ஒரு காம்பரா, முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு, ஒரு குசினி, அதில் மாமியார், புருஷன், மூன்று பிள்ளை. மலசலகூடம் சில இடங்களில் இன்னும் இரண்டு மூன்று வீட்டுக்கு ஒன்று. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, கொழுந்து பறிக்கிறவர், வாட்டில் வீட்டு வசதியைக் கேட்டபோது எல்லாம் இருக்கிறது என்று தலையாட்டிவிட்டார். லயத்தில் இருக்கிறேன் என்று சொன்னால் மருந்து தராமல் அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். கேட்டவர்களும் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. வீட்டுக்குப் போனபோது சொந்தக்காரர்கள் அவரை விறகுக் கொட்டிலில் படுக்க வைத்தார்கள். நுவரெலியாப் பக்கத்துக் குளிர். சுரப்பிக்குப் பதிலாகப் போடுகிற தைரொயிட் குளிசையைக் கதிர் மருந்துக்காக நிறுத்தி வைத்திருந்த உடம்புக்குக் குளிர் இரண்டு மடங்காகத் தெரியும். சில நாளோடு முடிய வேண்டிய தனிமை மாதக்கணக்கில் போனது. தட்டு தனி, பாய் தனி, பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் மற்றப் பெண்கள் விலகினார்கள். மருந்து எப்பவோ போய்விட்டது, பயம் மட்டும் போகவில்லை.

அதனால் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இது தொற்று நோய் இல்லை. கதிர் மருந்து தானாகவே குறைந்துகொண்டு போகிற ஒன்று. அயடீன் 131 எட்டு நாளில் பாதியாகும், அடுத்த எட்டு நாளில் அந்தப் பாதியும் பாதியாகும், 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். இது போத்தலில் மூடி வைத்தாலே நடப்பது. உடம்பில் என்றால் சிறுநீரில் போவதும் சேர்ந்து இன்னும் வேகமாகக் குறையும். தூரமும் அப்படித்தான், ஒரு மீட்டரில் இருந்து இரண்டு மீட்டருக்குத் தள்ளிப் போனால் கதிர் கால்வாசியாகும், மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே லயத்திலும் செய்யலாம், முன்னமே யோசித்தால். பிள்ளைகளைக் கொஞ்ச நாளைக்குப் பாட்டி வீட்டிலோ சித்தி வீட்டிலோ விடலாம். வீட்டில் மற்றவர்கள் காம்பராவில் படுக்க, மருந்து எடுத்தவர் இஸ்தோப்பை அடைத்துப் படுக்கலாம், ஆனால் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் குழந்தை படுக்கிறதா என்றும் பாருங்கள், மெல்லிய சுவர் காமா கதிரை நிறுத்தாது. மலசலகூடத்தில் உட்கார்ந்தே போங்கள், ஆம்பிளைகளும்தான், இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுங்கள், கையைக் கழுவுங்கள். உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். எத்தனை நாள் என்பது மருந்தின் அளவைப் பொறுத்தது, அந்தத் தாளில் திகதி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் திகதி முடிந்தால் முடிந்ததுதான், பக்கத்தில் உட்காரலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், பிள்ளையைத் தூக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முதல் ஒன்று: கிளினிக்கில் வீட்டைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எத்தனை பேர், எத்தனை அறை, யாருக்காவது வயிற்றில் பிள்ளையா, மலசலகூடம் யாரோடு பங்கு, எந்த பஸ்ஸில் எத்தனை மணித்தியாலம் போக வேண்டும். அதைக் கேட்டால் வாட்டில் இன்னும் ஒரு நாள் கூட வைத்திருக்க முடியுமா என்று பார்ப்பார்கள். இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற என் தொழில் செய்கிற தங்கச்சிமார், தம்பிமார், உங்களிடமும் கேட்கிறேன், "வசதி இருக்கா" என்று மட்டும் கேட்காதீர்கள். ராத்திரி யார் எங்கே படுப்பது என்று கேளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன், நேரம் போய்விட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கை காட்டுகிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். மருந்துக்கு முன்னால் ஒன்றிரண்டு வாரம் அயடீன் குறைந்த சாப்பாடு சாப்பிடச் சொல்வார்கள், உடம்பு அயடீனுக்கு ஏங்க வேண்டும் என்பதற்காக. அயடீன் உப்பு, கருவாடு, நெத்தலி, மாசி, கடல் மீன், பால், முட்டை மஞ்சள் கரு வேண்டாம். சம்பலை மாசி போடாமல் இடியுங்கள், எந்த உப்பு என்று கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள். கன்ட்ராஸ்ட் ஊசி போட்டு சீ.ரி. ஸ்கேன் எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அதில் அயடீன் உண்டு. கர்ப்பிணிக்கு இந்த மருந்து கூடவே கூடாது, பால் கொடுக்கிற தாய் எப்போது நிறுத்த வேண்டும் என்று பல வாரத்துக்கு முன்னமே பேச வேண்டும், அடுத்த பிள்ளைக்கு ஆறு மாதத்தில் இருந்து ஒரு வருஷம் வரை பொறுக்கச் சொல்வார்கள்.

கடைசியாக, சுரப்பியை எடுத்தவர்கள் ஆயுள் முழுக்கப் போடுகிற தைரொக்சின் குளிசை. அதை விடியக்காலைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், தேத்தண்ணி அதை உடம்பில் சரியாகச் சேர விடாமல் செய்யலாம். எழும்பினதும் வெறும் தண்ணீரில் போடுங்கள், அரை மணித்தியாலம், முடிந்தால் ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி. இரும்புச்சத்து, கல்சியம் குளிசை இருந்தால் நாலு மணித்தியாலம் தள்ளி. வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்கு ஓட வேண்டியவர்களுக்குக் காலையில் தோதில்லை என்றால், சாப்பிட்டு மூன்று மணித்தியாலமாவது ஆன பிறகு ராத்திரி படுக்கும்போது போடலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். வணக்கம்.